தெளிந்த தண்ணீரில் கவிழ்ந்த ஓடம்

பாலத்துக்கு அளவெடுக்க வந்திருக்கும் இளம் எஞ்சினியர் ஒருவர் போன மாதம் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை. நான் ஓடம் ஓட்டிய துறை இருந்த இடத்தில்தான் பாலத்தின் முதல் தூண் எழும்பப் போகிறதாம். எங்கள் துறையைப் பற்றிய பழைய கோப்பு முழுவதையும் படித்துவிட்டு வந்திருந்தார்.

"இத்தனை வருஷத்துல ஒரே ஒரு விபத்துதான் ஐயா. அதுவும் உங்க தப்பில்லே. எச்சரிக்கை கொண்டுவந்த தலையாரி வழியிலே தூங்கிட்டான்னு விசாரணையிலே தெளிவா எழுதியிருக்கு. உங்க அனுபவத்தை எங்க இலாகா ஆண்டு மலருக்கு அவசியம் எழுதித் தரணும்" என்றார்.

கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒரு வரி எங்கேயோ ஒரு அலமாரியில் உட்கார்ந்துகொண்டு இருந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஒரு படித்த பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்கிறது.

தலையாரி தூங்கவில்லை. அவர் பெயர் காளியப்பன். எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். போன தை மாதம் இறந்துபோனார். அவர் மனைவி பாவாயி அக்கா உயிரோடு இருக்கிறார். தன் புருஷன் தூங்கியதால்தான் தன் மகள் செத்தாள் என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார். அந்தப் பொய்யைச் சொன்னது காளியப்பண்ணன். அதற்கு ஆமாம் போட்டது நான். மலருக்கு எழுதுவதானால் இதைத்தான் எழுத வேண்டும், வேறு எதை எழுதினாலும் அது வெட்கக்கேடு.

நான் ஆற்று வேலைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரமத்தி வேலூர்ப் பக்கம் எங்களுக்குக் காடு இருந்தது. அண்ணன் தம்பி நாலு பேர், கிணற்றில் தண்ணீர் இரண்டு பேருக்குத்தான் காணும். நான் குமாரபாளையத்துக்குப் போய்ப் பரிசலில் ஏறினேன். "காடு கெடக்க, தண்ணியில தொழாவப் போறான் பாரு" என்று அப்பன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். குமாரபாளையத்து ஜவுளி மூட்டைகளையும் பவானி ஜமக்காளத்தையும் பரிசலில் ஏற்றி, ஆற்றோடு விட்டுக்கொண்டு மோகனூர் வரைக்கும், சில சமயம் திருச்சி வரைக்கும் போவோம். போகும்போது ஆறு சுமக்கும். திரும்பும்போது பரிசலை மாட்டு வண்டியில் கவிழ்த்துப் போட்டு நாங்கள் சுமந்து வர வேண்டும். லாரி வந்தது, மூட்டைக்காரர்கள் எல்லாரும் அதன் பின்னால் போனார்கள். நான் எங்கள் ஊருக்குக் கீழே இருந்த துறைக்கு வந்து ஓடத்தில் கழி பிடித்தேன், பிறகு துடுப்புப் பிடித்தேன், பழைய துறைக்காரர் கண்ணை மூடியதும் துறைக்காரன் ஆனேன். அப்போது எனக்கு முப்பது வயது ஆகவில்லை.

துறைக்காரன் என்றால் ஓடத்தின் பின்னால் நின்று திசை பிடிக்கிறவன் மட்டுமல்ல. இன்றைக்கு ஓடம் போகலாமா கூடாதா என்று சொல்கிறவன் அவன்தான். அதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. செம்பு வைப்பது என்று சொல்வோம். விடிந்ததும் துறைக்காரன் இடுப்பளவு தண்ணீருக்குப் போய், ஓரத்துத் தண்ணீரை விட்டுவிட்டு, ஓட்டத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு வருவான். அதை நிழலில் மணல்மேல் அசையாமல் வைக்க வேண்டும். ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு மேல் தண்ணீரை மெதுவாகச் சாய்த்துவிட்டு அடியைப் பார்ப்பான். அடி பளிச்சென்று இருந்தால் முழு பாரம் ஏற்றலாம். நக அழுக்களவு மண் நின்றால் பாதி பாரம். விரல்கடை சேறு இருந்தால் ஓடத்துக்குச் சங்கிலி. ஆற்றில் தண்ணீர் ஏறுகிற காலத்தில் நண்பகலிலும் ஒருமுறை வைப்பதுண்டு.

இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். மூடநம்பிக்கை இல்லை. காவிரியில் வெள்ளம் வந்தால் மேலே மலையில் மண் கரைந்துதான் வரும். தண்ணீர் ஏறுவதற்கு அரை நாள் முன்னாலேயே நிறம் மாறிவிடும். செம்பில் சேறு நின்ற நாளில் ஓடம் விட்டவன் கிடையாது, செம்பு தெளிந்த நாளில் ஓடம் கவிழ்ந்ததும் கிடையாது. எத்தனையோ தலைமுறையாக அது பொய்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் மகளை அக்கரைக்கு அனுப்பும்போது, "செம்பு எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் துறைக்கு இறங்குவார்கள்.

பிறகு மேட்டூரில் அணை கட்டினார்கள். எங்கள் ஊரிலிருந்தும் கல் சுமக்கப் பத்துப் பேர் போனார்கள். அணை நிறைந்த முதல் வருஷத்திலிருந்து செம்பில் சேறே நிற்பதில்லை. எப்போது பார்த்தாலும் பளிங்கு மாதிரித் தண்ணீர். எங்களுக்கு ஒரே குஷி. "ஆத்தயே வடிகட்டி வுட்டுட்டாங்கப்பா, இனிமே நமக்கு வேல சுலுவு" என்று நானே சொல்லியிருக்கிறேன். சேறெல்லாம் அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது, இனிமேல் வெள்ளமும் தெளிந்துதான் வரும் என்று ஒரு புத்தி தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோன்றிய ஒரே மனிதர் வெளியூர்க்காரர். துறைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஓவர்சீர் அவர். மதராசுக்கு வடக்கே கால்வாயில் உப்புத் தோணிகளும் விறகுத் தோணிகளும் ஓடுகிற இடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒல்லியான ஆள், சத்தமே போட மாட்டார். எங்களை நீங்கள் என்றுதான் சொல்வார். அதுவே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. ஓடத்தில் ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார், அக்கரை வரைக்கும் நின்றுகொண்டே வருவார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும். எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார், எழுதியதை நமக்கே படித்துக் காட்டுவார்.

வந்த முதல் வாரமே அவர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். மேட்டூரில் அதிகத் தண்ணீர் திறந்தால் அவருக்குத் தந்தி வரும். திறந்த தண்ணீர் எங்கள் துறைக்கு வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதற்குள் அவர் ஒரு தாள் எழுதித் தலையாரி கையில் கொடுத்தனுப்புவார். தலையாரிக்கு எழுத்து வாசனை கிடையாது; அதனால் தாளில் உள்ளதை வாயாலும் சொல்லிக் கொடுத்து, அவரைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார். தாள் வந்தவுடன் துறைக்காரன் ஓடத்தைச் சங்கிலியில் பூட்டி, மூங்கிலில் செங்கொடி கட்ட வேண்டும்.

"எங்க கால்வாயிலே தண்ணிக்கு முன்னாடி தாள் போகும். மதகைத் தூக்கறதுக்கு முன்னாடி கீழே இருக்கிற தோணி அத்தனைக்கும் சேதி போயிடும்" என்றார்.

"அது கால்வாய்ங்க. இது ஆறுங்களே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "செங்கோடன், மேலே கதவு வெச்சாச்சு. இனிமே இதுவும் கால்வாய்தான்" என்று சொல்லிவிட்டு, சொன்னதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் போன பிறகு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். காவிரியைப் போய் வாய்க்கால் என்கிறாரே என்று பேசிக்கொண்டோம். செம்பை வைக்க வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, தாளையும் பாருங்கள் என்றுதான் சொன்னார்.

இரண்டு தடவை தாள் வந்தது. இரண்டு தடவையும் சொன்னபடி சங்கிலி போட்டேன். இரண்டு தடவையும் தண்ணீர் ஒரு முழம் ஏறி நின்றுவிட்டது. அக்கரைச் சந்தைக்குப் போக வந்தவர்கள் வெயிலில் காய்ந்துவிட்டு என்னை வாயில் வந்தபடி ஏசினார்கள். "செம்பு தெளிஞ்சு கெடக்குது, காயிதத்தப் பாத்துப் பயப்படறான். இவனெல்லாம் ஒரு துறைக்காரன்" என்றான் ஒருவன். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் கோபக்காரன். அதைவிட ரோஷக்காரன்.

ஆவணி பிறந்து நாலைந்து நாள். எங்கும் மழையில்லை, வானம் வெளுத்துக் கிடந்தது. காலையில் இரண்டு நடை போய்வந்தாகிவிட்டது. மூன்றாவது நடைக்கு ஆட்கள் கீழே ஓடத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பேர், இரண்டு கன்றுக்குட்டிகள். நான் கரைமேல் துறைக் குடிசைக்குப் பின்னால் நின்று நீராகாரம் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நிழலில் நண்பகலுக்கு மொண்டு வைத்த செம்பு. அப்போது காளியப்பண்ணன் வாய்க்கால் கரையோடு வேர்க்க விறுவிறுக்க வந்தார். வழியில் ஒரு இடத்திலும் அவர் நின்றிருக்க முடியாது, அப்படி மூச்சு வாங்கினார்.

"தம்பி, மேட்டூர்ல நேத்தே சாஸ்தியாத் தொறந்துட்டாங்களாம். இனி ஓடம் வுடக் கூடாதாம். சங்கிலி போட்டுட்டுச் செவப்புக் கொடி கட்டச் சொன்னாருங்க" என்று தாளை நீட்டினார்.

நான் தாளைப் படித்தேன். அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் அதில் இருந்தது. "மூணாவது தாளுங்கண்ணா இது. மொத ரண்டு தாள்ல எத்தன தண்ணி வந்துச்சுன்னு பாத்தீங்கல்ல?" என்றேன். செம்பைச் சாய்த்து அடியைக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். விரலை விட்டுத் தடவியும் பார்த்தார். அவரும் ஆற்றங்கரைக்காரர்தானே. "கண்ணாடியாட்டம் இருக்குதே" என்றார்.

"வெள்ளம் வருதுன்னா இப்புடி இருக்குமுங்களா?"

"இருக்காது." கீழே எட்டிப் பார்த்தார். "செல்லாயி நிக்கறா தம்பி. ஆடிக்குக் கூட்டியாந்தது. மாப்பள வந்து கூட்டிக்கிட்டுப் போறாரு."

"வேண்டாம்னாச் சொல்லுங்கண்ணா. இப்பவே கூப்புட்டு எறக்கிப் போடலாம்."

மகளுக்குக் காலையில் வீட்டிலேயே விபூதி வைத்து வழியனுப்பிவிட்டு வேலைக்குப் போனவர். புறப்பட்டவளைப் பின்னாலிருந்து கூப்பிடுவது எங்கள் பக்கத்தில் ஆகாது. "பொறப்புட்டவளப் போயி என்னத்தக் கூப்படறது? செம்பு தெளிவா இருக்குதல்ல. செரிங்க, போவட்டுங்க" என்றார்.

நான் தாளை மடித்து வேட்டி மடியில் செருகிக்கொண்டு கரையிறங்கினேன். அவர் குடிசைக்குப் பின்னால் நின்றுவிட்டார். எச்சரிக்கையைக் கொண்டுவந்த மனிதரும் அதை வாங்கிய மனிதனும் ஒரு செம்பைப் பார்த்துவிட்டு அதைத் தள்ளிவைத்தோம். எங்கள் இருவரைத் தவிர இது ஒருவருக்கும் தெரியாது.

பாதி ஆறு வரைக்கும் ஒன்றுமில்லை. முன்னால் கழி போட்டுக்கொண்டிருந்த ரங்கன்தான் முதலில் சொன்னான். "அண்ணா, தண்ணி என்னுங்க இப்புடிக் குளுருது?"

நான் கையை விட்டுப் பார்த்தேன். பனிக்காலத்துக் கிணற்றுத் தண்ணீர் போல இருந்தது. அந்த வெயிலில் ஆற்றுத் தண்ணீர் அப்படிக் குளிர்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் தெளிவாக இருந்தது. குனிந்தால் அடியில் மணல் தெரிந்தது. கூழாங்கல்கூடத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மணல் கீழே கீழே போகிறது. ஒரு சத்தமில்லை, நுரையில்லை, ஒரு குச்சி மிதந்து வரவில்லை. நடு ஆற்றில் எப்போதும் ஆட்களை இறக்கி நடத்திக்கொண்டு போகிற மணல் திட்டைத் தேடினேன். திட்டு இல்லை. அதன்மேல் வளர்ந்திருந்த நாணலின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது.

ரங்கன் கழியை ஊன்றினான். பத்து வருஷமாக ஊன்றிய இடம். கழி போய்க்கொண்டே இருந்தது, அடியைத் தொடவில்லை. அவன் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. திரும்பலாம் என்றால் ஓட்டம் எங்களை இழுத்துக்கொண்டு போகிறது. நான் துடுப்பின்மேல் விழுந்து அழுத்திப் பார்த்தேன். திட்டுக்குக் கீழே எப்போதும் ஆள் உயரம் வெளியே தெரிகிற பாறை ஒன்று உண்டு. அன்றைக்கு அது தண்ணீருக்குள் இருந்தது. ஓடம் குறுக்காகத் திரும்பி அதன்மேல் மோதியது. கன்றுகள் ஒரு பக்கமாகச் சரிந்தன, ஆட்களும் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள். அவ்வளவுதான்.

ரங்கனும் நானும் கைக்குக் கிடைத்தவர்களையெல்லாம் கவிழ்ந்த ஓடத்தின்மேல் ஏற்றினோம். பத்துப் பேர். செல்லாயியின் புருஷன் அவள் கையைப் பிடித்திருந்தான். பிடி நழுவிவிட்டது. நான் அவளை நோக்கி நீந்தினேன். தண்ணீர் எவ்வளவு தெளிவு என்றால், அவள் எனக்குக் கீழே போவதை நான் பார்த்தேன். சேலையின் மஞ்சள் நிறம் வெகுதூரம் வரைக்கும் தெரிந்தது. முங்கினேன், எட்டவில்லை. மறுபடி முங்கினேன், நிறமும் இல்லை. கலங்கிய தண்ணீராக இருந்திருந்தால் அதைப் பார்க்காமலாவது இருந்திருப்பேன்.

இன்னொருவர் வெற்றிலைக் கட்டுக் கொண்டுபோகும் வயசாளி. பத்து வருஷமாக வாரம் இரண்டு தடவை என் ஓடத்தில் வந்தவர். அவர் பெயர் எனக்கு விசாரணையில்தான் தெரிந்தது.

அன்றைக்குப் பிற்பகல் கரையேறி வேட்டியைப் பிழிந்தபோது மடியிலிருந்து வெள்ளையாக ஒரு உருண்டை விழுந்தது. அந்தத் தாள். ஒரு எழுத்தும் மிச்சமில்லை. அதை மணலில் மிதித்துப் புதைத்தேன். அதைச் செய்யும்போது என் மனசில் துக்கம்கூட இல்லை, யாரும் பார்த்துவிட்டார்களா என்ற பயம்தான் இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் நாள் சாவடியில் விசாரணை. பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். ஓவர்சீர் தன் நோட்டைப் பிரித்து, தந்தி வந்த நேரம், தாள் எழுதிய நேரம், தலையாரி புறப்பட்ட நேரம் எல்லாம் படித்தார். முந்தின நாள் அந்த வழி முழுவதையும் தானே கடிகாரத்தோடு நடந்து பார்த்தாராம். மெதுவாக நடந்தாலும் ஓடம் கிளம்புவதற்கு முன்னால் தாள் துறைக்கு வந்திருக்க வேண்டும் என்றார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. படித்து முடித்துவிட்டு நோட்டை மூடினார்.

தாளைக் கொடுத்தேன், செங்கோடன் மீறினான் என்று காளியப்பண்ணன் சொல்லப் போகிறார். வேலை போகும், ஜெயிலும் கிடைக்கலாம். சொல்லட்டும் என்றுகூட ஒரு பக்கம் இருந்தது.

காளியப்பண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். மகளை அடக்கம் பண்ணி ஒருநாள்தான் ஆகியிருந்தது.

"வாய்க்கா மோட்டுல புளியமரத்தடியில செத்த உக்காந்தனுங்க. கண்ணசந்து தூங்கிட்டனுங்க. எந்திரிச்சு ஓடியாரதுக்குள்ள ஓடம் நடு ஆத்துக்குப் போயிருச்சுங்க. தாளு கை தவறி ஆத்துல உழுந்துருச்சுங்க" என்றார்.

நான் கேட்டது சரிதானா என்று பக்கத்திலிருந்த ரங்கனைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு அழுதுகொண்டிருந்தான். தலையாரியின் தலையெழுத்தை நினைத்து அழுகிறான். பெண்கள் நின்றிருந்த பக்கத்தில் பாவாயி அக்கா இருந்தார். அவர் அழவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இவர் சொல்வது சரியா? ஓடம் கிளம்பும் முன்பு தாள் உன் கைக்கு வரவில்லையா?"

ஓவர்சீர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். காளியப்பண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை.

"ஆமாங்க. வல்லீங்க" என்றேன்.

அவருக்கு வேலை போயிற்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓவர்சீர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் மாற்றலாகிப் போகும் வரைக்கும் ஒரு தாளையும் ஆள் கையில் கொடுத்தனுப்பியதில்லை. எத்தனை வெயிலானாலும் தானே சைக்கிளில் வந்து தாளை என் கையில் கொடுத்து, என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டு, நான் சங்கிலியைப் பூட்டிச் சாவியை அவர் கையில் கொடுக்கும் வரைக்கும் செருப்பில்லாமல் மணலில் நிற்பார். அவர் என்னை ஒரு அறை அறைந்திருந்தால் எனக்கு அது இதைவிட லேசாக இருந்திருக்கும்.

விசாரணை முடிந்த மாலையில் வாய்க்கால் கரையில் காளியப்பண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்கண்ணா இப்புடிச் சொன்னீங்க? நாளைக்கே போயி நெசத்தச் சொல்லிப் போடறேன்" என்று அழுதேன்.

"தூங்கிட்டேன்னாப் பாவாயி தூங்குமூஞ்சின்னு வைவா. தெரிஞ்சே புள்ளய அனுப்புனேன்னு தெரிஞ்சா அவ எப்புடித் தம்பி உசுரோட இருப்பா? என் வாயிலதான் அந்தச் சேதி இருந்துச்சு. சொல்லிக்கிட்டேதான அனுப்புனேன்?" என்றார். பிறகு என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "நான் இருக்கற மட்டும் நீங்க சொல்லக் கூடாது. சத்தியம்."

சத்தியம் செய்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாக்குத்தான் என்னைக் காப்பாற்றியது என்பது எனக்குத் தெரியாமலில்லை. துறைக்காரன் என்று ஊரில் மரியாதை, கோயில் திருவிழாவில் முதல் வரிசை, ஓய்வு பெற்றபோது மாலை எல்லாம் கிடைத்தது. காளியப்பண்ணன் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனார்.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது ஊரறிந்தது. பாவாயி அக்கா புருஷனை விட்டுப் போகவில்லை. சமைத்தார், துணி துவைத்தார். ஆனால் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு அவர் சோற்றுச் சட்டியை வெறுந்தரையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார். கையில் கொடுத்ததில்லை, இலை போட்டதில்லை. காளியப்பண்ணனும் குனிந்து எடுத்துச் சாப்பிடுவார். ஒருவரும் சமாதானம் செய்ய முடியவில்லை.

மேலே எழுதியதை எஞ்சினியரிடம் கொடுப்பதற்கு முன்னால் பாவாயி அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அவர் உயிரோடு இருக்கும்போது இது அச்சில் வந்து, வேறு யாரோ சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. சத்தியம் முடிந்துவிட்டது, அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலையில் போனேன். முந்தின நாளே போயிருக்க வேண்டும். வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன்.

"வாங்க தம்பி" என்று பாய் போட்டார். நான் முகத்தைப் பார்க்காமல் படித்தேன். செம்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் காளியப்பண்ணன் 'போவட்டுங்க' என்று சொன்ன இடத்திலும் நிறுத்தவில்லை. கடைசி வரைக்கும் படித்தேன். அக்கா அழுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். அவர் கட்டை போல உட்கார்ந்திருந்தார். கண் இமைக்கவில்லை.

"அந்த மனுசன் பகல்ல படுக்காத ஆளு" என்றார். "அன்னிக்கு மட்டும் எப்புடித் தூங்குனாருன்னு எனக்கு வெளங்கவே இல்ல தம்பி."

நான் தாள்களை மடித்தேன்.

"செல்லாயி அவரப் பாத்தாளுங்களா?"

இதை நான் மேலே எழுதவில்லை. கை வரவில்லை. ஓடம் கிளம்பியபோது மற்றவர்கள் அக்கரைப் பக்கம் பார்த்திருக்க, செல்லாயி மட்டும் கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து குடிசையோரமாக வந்து அப்பன் நிற்பதைப் பார்த்துவிட்டாள். நான் பின்னால் நின்றிருந்ததால் அவள் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது.

"பாத்தாளுங்க அக்கா. சிரிச்சுட்டுக் கையக் காட்டுனா."

"அவரு?"

"நானும் திரும்பிப் பாத்தனுங்க. அவருங் காட்டுனாருங்க."

பாவாயி அக்கா தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார். "இருவத்திரண்டு வருசம்" என்றார். "அந்த மனுசனுக்குச் சோத்தத் தரையில வெச்சனே சாமி."

என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. போ என்று சொன்னால் எழுந்து போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறி, வாசல் நிழல் சுவரோரம் ஒதுங்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்லவே இல்லை.